என் பேரில் அவள் வைத்த குச்சி

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் குடித்த டம்ளரை இரண்டு தடவை விளக்காமல் எடுக்க மாட்டேன். இதைச் சுத்தம் என்று நினைத்துப் பல வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன். அம்மனுக்கு விரதம் இருப்பவள், வாசல் தெளிக்காமல் வாயில் தண்ணீர் ஊற்றாதவள் என்று ஊரிலும் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு என் ஓரகத்திக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது.

ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வாசலில் எதிர் எதிராக எங்கள் இரண்டு வீடும் இருக்கின்றன. மாமியார் காலமான பிறகு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நல்லது கெட்டது சொல்கிறவள் நான்தான். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பறித்தால்தான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். கொழுந்தனார் தோட்டத்தை எங்களிடம் விட்டுவிட்டு, ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவர்களுடைய ஒரே மகள் காந்திகிராமம் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

ஓரகத்தி தொப்பம்பட்டிப் பக்கம் பிறந்தவள். இங்கே வாழ வந்து இருபது வருஷம் ஆகியும் 'ஏனுங்க்கா', 'வாங்க்கா' என்றுதான் பேசுவாள். பூப் பறிக்கும்போது மற்ற பெண்கள் செடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஏனுங்க மல்லியக்கா, உங்களைக் கிள்ளிக்கட்டுங்களா?" என்று கேட்டு அவளைக் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அதெல்லாம் அவள் பூப் பறிக்க வந்த காலத்தில். பிறகு நான்தான் அவளை வரவேண்டாம் என்று நிறுத்தினேன்.

இரண்டு வருஷமாக அவளுக்கு மாதக் கணக்கு கெட்டுப்போயிருந்தது. நடு நடுவே ரத்தம் படும். மற்ற நாளில் வெள்ளை. வெறும் வெள்ளை என்றால் எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான். இது வாடை அடித்தது. கொடியில் அவள் துணி காய்ந்தால் அந்தப் பக்கம் ஈ வரும். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். எங்கள் தோட்டத்துப் பூவில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகிறது. தீட்டு நாளில் யாரும் செடியைத் தொடக் கூடாது என்பது மாமியார் காலத்துக் கட்டு. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இது தீட்டா, தீட்டு இல்லையான்னு உனக்கே தெரியல. நீ இனிமே பூவுல கைய வைக்காத. அம்மனுக்குப் போறது."

"சரிங்க்கா" என்றாள். 

மாட்டுக் கொட்டம் அவளுக்கு, பூ எனக்கு என்று ஆனது. உடம்பில் சூடு ஏறிப்போச்சு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த வாடை என் வீட்டுப் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

போன மாசியில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா எங்கள் ஊருக்கு வந்தது. நான் அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தேன். மஞ்சள் சேலை, ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை, கையில் காப்பு. எட்டாவது வரை படித்தவள் என்பதால் மகளிர் குழுவுக்கும் நான்தான் தலைவி. குழுக் கட்டடத்தில் பெண்களை உட்காரவைத்து நர்ஸம்மா ஒரு பெட்டியைத் திறந்தது. உள்ளே வரிசையாகச் சின்னக் குழாய்கள். ஒவ்வொன்றோடும் ஒரு குச்சி, நுனியில் பிரஷ் மாதிரி.

"கர்ப்பப்பை வாயில வர்ற புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் கிருமிதான் காரணம். அந்தக் கிருமி உள்ள தங்கியிருக்கான்னு முன்னாடியே பாத்துட்டா நோய் வராமத் தடுத்துரலாம். யாரும் உங்களைத் தொட மாட்டாங்க. நீங்களே பின்னாடி ரூம்புக்குப் போயி, இந்தக் குச்சிய உள்ள விட்டு நாலு சுத்துச் சுத்தி, குழாய்ல போட்டு மூடிக் கொண்டாந்துருங்க. தீட்டு நாள்ல இருக்கவங்க மட்டும் இப்ப எடுக்க வேணாம்."

பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "ஏம்மா, போன குச்சி திரும்பி வருமா, இல்ல அங்கயே குடித்தனம் பண்ணிருமா?"

"கையில பிடிச்சிருக்கப் போறீங்க, எங்கக்கா போகும்?"

"எம்புருசன் இம்புட்டு வருசமா லைட்டப் போட்டுத் தேடுறாரு. நான் கண்ண மூடிக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கட்டடமே சிரித்தது. நர்ஸம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டது. நான் சிரிக்கவில்லை. விரதத்தில் இருக்கும்போது இதென்ன பேச்சு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தலைவியக்கா முதல்ல போங்க. அப்பத்தான் மத்தவங்க எந்திரிப்பாங்க" என்று நர்ஸம்மா என் கையில் ஒரு குழாயைக் கொடுத்துவிட்டது. அடுத்ததை என் ஓரகத்தியிடம் கொடுத்தது. அவளுக்கு அன்றைக்கு ரத்தம் படவில்லை. இரண்டு பேரும் பின்னால் இருந்த அறைக்குப் போனோம்.

உள்ளே போனதும் எனக்குக் கை போகவில்லை. காப்புக் கட்டிய கை. அம்மனுக்குச் சட்டி ஏந்தப்போகிற கை. இதைக் கொண்டுபோய் அங்கே எப்படி வைப்பது? எடுக்க மாட்டேன் என்று வெளியே போய்ச் சொன்னால், தலைவியே மாட்டேங்கிறாள் என்று எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது.

"என்னுதையும் நீயே வச்சுக் குடுத்துரு" என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் விழித்தாள். "உங்க பேருக்கு என்னுதுங்களாக்கா? தப்பில்லீங்களா?"

"சாமி காரியத்துல இருக்கேன். உன் கை எப்பவும் அதுலயே கெடக்குற கைதான? உனக்கென்ன?"

ஆமாம், இதே வார்த்தையைத்தான் சொன்னேன். மாற்றி எழுத மனசு வரவில்லை.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவள் வளையல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. என் குழாயை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். நான் இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக் கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். "பாத்தீங்களா, தலைவியக்கா எப்படிப் பட்டுன்னு முடிச்சிட்டு வந்துட்டாங்க" என்று எனக்குப் பாராட்டு வேறு.

தீச்சட்டி எடுத்தேன். கையில் ஒரு கொப்புளம் இல்லை. என் சுத்தத்துக்கு அம்மனே சாட்சி சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கும். அன்றைக்கு நர்ஸம்மா நிரப்பச் சொன்ன ஃபாரத்தில் எழுதிய போன் நம்பர் என் வீட்டுக்காரருடையது. எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் புருஷன் நம்பரைத்தான் கொடுத்தார்கள். ஓரகத்தியின் புருஷன் ரோட்டிலேயே இருப்பவர் என்பதால் அவளுக்கும் என் வீட்டுக்காரர் நம்பரையே எழுதியிருந்தேன். அதனால் எங்கள் இரண்டு பேர் உடம்பின் சமாச்சாரமும் அவர் காதுக்கு முதலில் போனது. இரண்டு பேருக்குமே கிருமி இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை, புதன்கிழமை திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு வந்து கேமரா வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். அவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. ஒரு மெடிக்கல் கடையில் போய், இது எப்படி வரும் என்று விசாரித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

"ஆம்பள பொம்பள சேர்ந்தா வர்றதாம் அது. எனக்குத் தெரிஞ்சு நான் எங்கயும் போனதில்ல. நீ உண்மையச் சொல்லு."

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன் என் கையிலிருக்கும் சொம்பைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒரே வாசல்ல ரெண்டு பொம்பளை. வெளிய தெரிஞ்சா நான் பஸ் ஸ்டாப்புல நிக்க முடியுமா?"

அவ்வளவுதான், நான் கொட்டிவிட்டேன். "அம்மன் மேல சத்தியமா என்னுது இல்லங்க. அந்தக் குச்சிய நான் வைக்கவே இல்ல. விரதத்துல இருந்தேன்ல? ரெண்டும் அவ எடுத்துக் குடுத்தது. ரெண்டுமே அவளுதுங்க."

அவர் முகம் காய்ச்சல் விட்ட முகம் மாதிரி தெளிந்தது. சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

அவர் தம்பிக்குப் போன் போட்டார். கொழுந்தனார் மூன்றாம் நாள் வந்தார். மத்தியானம். கேரளாவில் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தை வாசலிலேயே வீசினார்.

"எவன்கிட்டடி வாங்குன?"

"உங்களைத் தவிர எனக்கு யாரைத் தெரியுமுங்க?" என்றாள் அவள்.

அறை விழுந்தது. நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் அவர்களுக்கு நடுவில் போயிருக்கலாம். அண்ணியாரிடம் அவர் கை நீட்ட மாட்டார், எனக்கு அது தெரியும். போகவில்லை. அன்றைக்கே ஒரு பையில் நாலு சேலையைத் திணித்து அவளைத் தொப்பம்பட்டிக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை அவளிடம் யாருமே சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. யாரிடம் வாங்கினாள் என்று கேட்க மூன்று பேருக்கும் நேரம் இருந்தது.

புதன் போய் இன்னொரு புதனும் போய், நர்ஸம்மா வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது. "ஏன்க்கா ரெண்டு பேரும் வரல?" என்றது. நான் நடந்ததைச் சொன்னேன். நர்ஸம்மா தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டது.

"இதுக்காக்கா நான் வெயில்ல அலையுறேன்?"

நான் அப்போதும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அவ ஒழுங்கா இருந்தா ஏம்மா இது வருது?" என்றேன்.

"ஒழுங்குக்கும் இதுக்கும் என்னக்கா இருக்கு? கல்யாணமானவங்க நெறையப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுத் தானாப் போயிரும். சிலருக்குப் போகாமத் தங்கிரும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. புருசன்கிட்ட இருந்தே வந்திருக்கும், அவருக்கே தெரிஞ்சிருக்காது. ஆம்பளைக்கு அநேகமா வெளிய ஒண்ணும் காட்டாது."

"ஆம்பளைக்கு இந்த டெஸ்ட் எடுக்க மாட்டீங்களா?"

"இப்படி ஊர் ஊராப் போயி எடுக்குற டெஸ்ட் அவங்களுக்கு இல்லக்கா."

வாரத்தில் ஆறு நாள் எங்கெங்கோ படுத்து எழுந்து வருகிற மனுஷனிடம் ஒரு கேள்வி இல்லை. மாட்டுக் கொட்டத்தை விட்டு வெளியே போகாதவளுக்கு அறை. அதற்குள் நர்ஸம்மா இன்னொன்று கேட்டது.

"அவங்களுக்கு நடுவுல ரத்தம் கித்தம் படுமாக்கா?"

"ரெண்டு வருசமாப் படுது. வாடையும் உண்டு."

நர்ஸம்மா எழுந்துவிட்டது. "அதை ஏன்க்கா அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?"

"தீட்டுன்னு நெனச்சோம்."

"நாளைக்கே போங்க. நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க. இதுல ஒரு வாரம்கூடப் போகக் கூடாது."

மறுநாள் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை, சொன்னேன். "நான் தொப்பம்பட்டி போறேன்." பூக்கூடையைப் பறிக்கிறவர்களிடம் விட்டுவிட்டு ஒட்டன்சத்திரம் போய் பஸ் மாறினேன்.

அவள் அண்ணன் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வீட்டில் அவள் இல்லை. அண்ணன் மனைவி தோப்புக்குள் கையைக் காட்டினாள். "அங்கிட்டு மோட்டார் ரூம்ல இருக்கறாங்க. கிருமின்னு சொன்னாங்கல்லங்க, வீட்ல கொழந்தைக இருக்குதுங்க."

மோட்டார் ரூமில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. அந்த வாடை முன்னைவிட அதிகமாக இருந்தது. அவள் பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க்கா, வெயில்ல வந்திருக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்று சொம்பை எடுத்தவள், அப்படியே கீழே வைத்தாள். "வீட்ல வாங்கிக் குடிங்க்கா. இது என்ற சொம்பு."

நான் எடுத்துக் குடித்தேன். குடிக்கும்போதும் எனக்குக் குமட்டியது. பெரிய மனசோடு குடித்தேன் என்று எழுதினால் அது பொய். பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

"நான்தான் சொன்னேன். ரெண்டும் உன்னுதுன்னு" என்றேன்.

"தெரியுமுங்க. அடிக்கறப்பவே அவரு சொல்லிப்போட்டாரு." பாயை இழுத்து எனக்கு இடம் விட்டாள். "அன்னிக்கு உங்க குச்சிய வைக்கறப்போ, அக்காளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது ஆத்தான்னு வேண்டிக்கிட்டுத்தானுங்க வச்சேன். என்ற ஒடம்புல எடுத்துட்டு உங்களுக்கு வேண்டறேன் பாருங்க, கிறுக்கி." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. "கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டாள்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, சின்னத் துண்டு கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட்டு வரும்வரை அவளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வந்த நாளில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புற்றுநோய்தான். பரவவில்லை, ஆனால் ஆபரேஷனில் எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, மதுரையில் கரண்ட்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், ஊசியும் போட வேண்டும் என்றார். "ரொம்ப ஆரம்பத்துலயே வந்திருந்தா லேசா சூடு வச்சு எடுத்து அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ரெண்டு வருசமா என்னம்மா பண்ணீங்க?" பூவைத் தொடவிடாமல் பார்த்துக்கொண்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே அவளை வார்டில் சேர்த்தார்கள்; கையெழுத்துக்குக் கொழுந்தனார் வந்தார். டாக்டரம்மாவிடமும் அதையேதான் கேட்டார். "இது எப்படி மேடம் இவளுக்கு வந்துச்சு?"

"உங்ககிட்ட இருந்தே வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "இங்க கையெழுத்துப் போடுங்க."

வெளியே வந்து டீயும் பட்டர் பன்னும் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தம்மா பேச்சே சரியில்ல மதினி" என்றார். வார்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். வாடை தாங்கவில்லையாம். அழுகின தக்காளிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனுஷனுக்கு. அடுத்த நாள் லோடு இருக்கிறது என்று போய்விட்டார். பன்னைக் கடித்த அந்த வாயை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. ஆனால் அவரைத் திட்டத் திட்ட, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கை ஞாபகத்துக்கு வருகிறது.

மதுரைக்கு நான் ஒரு நாள், அவள் மகள் ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மனிடம் பேசிக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரில் யாருக்காவது அம்மை போட்டால் உடம்பெல்லாம் சீழ் வைத்தாலும் ஒருவரும் சீ என்று சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை பரப்பி, கன்னத்தில் போட்டுக்கொள்வோம். புண்ணோடும் சீழோடும் ஒரு உடம்புக்குள் வந்து உட்காருகிறவளா என் ஓரகத்தி தொட்ட பூவை வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்? கேட்டேன். அம்மன் பதில் சொல்லும்படியாக நான் நடந்துகொள்ளவில்லை.

இதற்கு நடுவில் என் குச்சியையும் கொடுத்தேன். நர்ஸம்மா முன்னால் வாங்கி, நானே வைத்து, நானே சுற்றினேன். அது முடிந்து வீட்டுக்கு வந்து எப்போதும்போல் பூக் கட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

என் ரிசல்ட்டும் வீட்டுக்காரர் போனுக்குத்தான் வந்தது. கிருமி இல்லை. போனை வைத்ததும் நேராகக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, தெருவில் போகிறவர்கள் காதில் விழும்படி, "நான் அப்பவே சொன்னேன்ல? எம்பொண்டாட்டிக்கு அதெல்லாம் வராது" என்றார்.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கரண்ட்டு வைத்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தாள். எரிகிற இடத்தில் சேலை படாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். ஒரு கணம் எனக்குள்ளும் அந்தச் சந்தோஷம் வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். என் உடம்பு தப்பியதென்று ஒரு துள்ளல். உடனே அதன் மேல் ஒரு கசப்பு.

தேங்காய் மூடியும் திருநீறும் வைத்த தட்டை என் முன்னால் நீட்டினார். சாமி பிரசாதத்தை நான் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை.

"எனக்கு வேணாங்க" என்றேன்.

"ஏன், என்ன வந்துச்சு உனக்கு?"

"நீங்க சாமிக்கு உடைக்கல. அவளைக் குத்திக் காட்ட உடைச்சிருக்கீங்க."

அவர் தட்டோடு நின்றார். அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகிற நேரம் ஆகியிருந்தது. நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.